பள்ளிக் கட்டடத்தைப் புதுப்பிக்க ஐப்பசி மழையிலேயே தொடங்குங்கள்

ஏப்ரல் கடைசியில் ஆண்டுத் தேர்வு முடியும். மறுநாளே கான்ட்ராக்டர் முட்டுக் கம்புகளோடு வந்து இறங்குவார். ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறந்தாக வேண்டும். கையில் இருப்பது ஐந்தாறு வாரம். நம் ஊர்த் தனியார் பள்ளிகளில் புதுப்பிப்பு வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, கெட்டுப்போவதும் இதனால்தான். ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடி காய்ந்து கிடக்கும். எந்த மூலையில் தண்ணீர் இறங்குகிறது, எந்த வகுப்பறையின் தளம் ஊறியிருக்கிறது என்று அப்போது எவராலும் சொல்ல முடியாது. கண்ணில் படுவது உரிந்த பெயின்ட் மட்டுமே. அதனால் பணமெல்லாம் பெயின்டுக்குப் போகிறது. கோடையில் செய்யப்போகும் வேலையை முந்தைய ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே முடிவு செய்துவிடுங்கள் என்று தாளாளர்களிடம் நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மழை பெய்யும்போது சுற்றி வாருங்கள்

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு பள்ளியைச் சுற்றி வாருங்கள். கட்டடத்தின் வரைபடம், சாக்பீஸ், கேமரா உள்ள ஒரு போன் போதும். வாட்ச்மேனையும் ஆயாம்மாவையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். எந்த அறையில் வாளி வைக்கிறார்கள், எந்த சுவிட்சைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தலைமை ஆசிரியரின் பதிவேட்டில் இதெல்லாம் இருக்காது. கசிவு தெரியும் இடத்தையெல்லாம் வரைபடத்தில் குறித்து, அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்றும் எழுதுங்கள்: தண்ணீர்த் தொட்டியா, கழிப்பறையா, மழைநீர்க் குழாயின் வாயா, தூணுக்காக விட்டுவைத்த கம்பியா. என்றைக்காவது ஒரு மாடி எழுப்பலாம் என்று நீட்டிவிட்ட கம்பிகளின் வழியே தூணுக்குள் தண்ணீர் இறங்கும் பள்ளிகள் ஏராளம்.

காகிதங்கள்

கட்டட உரிமம், உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் எந்தத் தேதியில் காலாவதியாகின்றன என்று ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். சுவரை நகர்த்துவது, படிக்கட்டை மாற்றுவது, மாடி எழுப்புவது என்றால் திட்ட அனுமதி வேண்டும். அதற்குக் கோடை விடுமுறைக்குள் இடமில்லை, தனி ஆண்டு ஒதுக்குங்கள்.

தளத்தைத் தட்டிப் பாருங்கள்

இனி வருவதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். வகுப்பறையின் மேல்தளத்தில் பழுப்புக் கறை, கம்பி போகும் கோட்டிலேயே நீளும் வெடிப்பு, உதிரும் பூச்சு இவற்றைப் பார்த்ததும் மேஸ்திரி "பூச்சு விட்டுப்போச்சு சார், கொத்திவிட்டுப் பூசிடலாம்" என்பார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். விழுந்தது பூச்சா கான்கிரீட்டா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். துரு பிடித்த கம்பி ஊதும். இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் துரு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கம்பிக்குக் கீழே உள்ள கான்கிரீட் பிளந்து விழுகிறது. அதன் மேல் புதுப் பூச்சு பூசினால் சில மழைக்காலம் தாங்கலாம். பிறகு அதுவும், பழையதைவிடக் கனமாக, பிள்ளைகளின் பெஞ்ச் மேல் விழும்.

சோதனை எளிது. தளத்தை இரண்டடிக்கு இரண்டடிக் கட்டங்களாகச் சாக்பீஸால் பிரித்து, சிறிய சுத்தியலால் ஒவ்வொரு கட்டத்தையும் தட்டுங்கள். திடமான இடம் 'ணங்' என்று ஒலிக்கும், விட்டுப்போன இடம் பொத்தென்று இருக்கும். அந்த இடங்களைச் சுற்றிக் கோடு போட்டுப் படம் எடுங்கள். தலைக்கவசம் இல்லாமல் யாரும் கீழே நிற்கக் கூடாது. சந்தேகமான அறையை அன்றே பூட்டிவிட்டு, வகுப்பை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்த வேலை ஸ்டிரக்சுரல் இன்ஜினியருடையது. கொத்திய புதுப் பரப்பில் அவர் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காரத்தன்மையை இழந்த கான்கிரீட் நிறம் மாறாது, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் சக்தி அதற்குப் போய்விட்டது. அந்த நிறமற்ற ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. ரீபவுண்டு ஹேமர் சோதனையின் எண்ணை மட்டும் நம்பித் தளம் நன்றாக இருக்கிறது என்று எழுதித்தருபவரிடம் சான்று வாங்காதீர்கள். அந்தக் கருவி மேற்பரப்பின் கடினத்தைத்தான் காட்டும். காரத்தன்மை இழந்த பரப்பு அதில் இன்னும் உறுதியானதாகவே தெரியும்.

தளத்தைச் செப்பனிடும் முறை

முதலில் முட்டு. கொத்தத் தொடங்கும் முன்பே இரும்பு முட்டுகளைக் கொடுங்கள். முதல் மாடித் தளத்தில் வேலை என்றால் அதே கோட்டில் தரைத்தளத்திலும் முட்டு வேண்டும். இல்லாவிட்டால் மேலே உள்ள பாரத்தைக் கீழ்த்தளத்தின் நடுவில் இறக்கி வைத்ததாகிவிடும். ஒரே நாளில் தளம் முழுவதையும் கொத்தித் திறக்க விடாதீர்கள். பகுதி பகுதியாகத்தான்.

இரண்டாவது, கொத்தும் ஆழம். கம்பி தெரிந்ததும் கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிடுவார். போதாது. கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. இடைவெளி வர வேண்டும், விரல் நுழைந்து சுற்றிவர வேண்டும். அப்போதுதான் புதுக் கலவை கம்பியை முழுக்கக் கவ்விப் பிடிக்கும். நீளவாக்கில் துருவில்லாத கம்பி தெரியும்வரை போய், அதற்கு மேலும் நாலு அங்குலம் கொத்துங்கள். துருப்பிடித்த கம்பியைப் பாதியில் விட்டு ஒட்டுப் போட்டால், ஒட்டின் விளிம்பை ஒட்டியே துரு முன்னைவிட வேகமாகப் பரவும். விளிம்புகளைக் கிரைண்டரால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள். சரிவாக மெலிந்துபோகும் ஓரத்தில் எந்தக் கலவையும் நிற்காது.

மூன்றாவது, கம்பி. கம்பித் தூரிகையால் பளபளக்கும் வரை தேய்த்த பிறகு வெர்னியர் காலிபரால் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகிவிட்டால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பரப்பளவில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. அங்கே பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். நல்ல கம்பியோடு அது இணையும் நீளம் இரு பக்கமும் விட்டத்தைப் போல 50 மடங்கு, 8 மி.மீ. கம்பிக்கு 400 மி.மீ. இருக்கட்டும். அடுத்துத் துத்தநாகப் பிரைமர், பிறகு ஒட்டுப்பூச்சு, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த ரிப்பேர் கலவை. கட்டட வேலைக்குக் கலக்கும் சாதாரண சிமென்ட், எம்-சாண்ட் கலவையைத் தளத்தின் அடிப்பக்கத்தில் அறைந்து அப்புவதைச் செப்பனிடல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய பரப்பாக இருந்தால் கையால் பூசுவதை விட்டுவிட்டு மைக்ரோ கான்கிரீட் அல்லது கன்னைட்டிங் (அழுத்தக் காற்றால் கலவையைப் பீச்சுவது) என்று போய்விடுங்கள்.

நான்காவது, நீராட்டுதல். மே மாதம் அக்கினி நட்சத்திரம். காற்றும் சுவரும் கொதிக்கும். ரிப்பேர் கலவையைக் காலை பத்து மணிக்குள் பூசி முடியுங்கள். பாதி மூட்டை மட்டும் கலக்குங்கள். இறுகிப்போன கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறுபவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். புதிதாக வார்த்த சிலாபின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், தளத்தின் அடியில் அது முடியாது. ஆகவே ஒன்று, பகல் முழுவதும் ஒரு ஆளை ஸ்பிரேயரோடு நிறுத்துங்கள். அல்லது கியூரிங் காம்பவுண்ட் அடியுங்கள். காம்பவுண்ட் அடித்தால் பெயின்டுக்கு முன் அதை நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையேல் பெயின்ட் பிடிக்காது. புதுக் கான்கிரீட் வேலைக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்வது சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்டுக்கும் வெயில் காலத்துக்கும் 10 நாள். இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கலப்புச் சிமென்ட்தான். 4.5 மீட்டருக்கு மேல் விரியும் சிலாபுக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும், 6 மீட்டருக்கு மேல் விரியும் உத்தரத்துக்கு 21 நாள். பள்ளி திறப்பு நெருங்கிவிட்டது என்று முட்டை முன்கூட்டியே எடுக்கக் கேட்டால் "கூடாது" என்று சொல்லும் அதிகாரம் இன்ஜினியருக்கு எழுத்தில் இருக்கட்டும்.

மேலே கசிவை அடைக்காமல் கீழே கை வைக்காதீர்கள்

மொட்டை மாடி வேலைக்குக் கோடை விடுமுறை தேவையே இல்லை. பொங்கலுக்குப் பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் சனி ஞாயிறுகளில் முடித்துவிடலாம். வகுப்புக்கும் இடைஞ்சல் இருக்காது, மே மாதத்துக்குள் தளமும் உலர்ந்துவிடும். அட்டவணையில் இது ஒன்றே உங்களுக்கு இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தும்.

பழைய சுர்க்கியின் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட அடுக்கு) மேல் இன்னொரு சுர்க்கி, அதன் மேல் தட்டோடு என்று அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். நாலு அங்குலச் சுர்க்கி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பாரம். பழையதை முழுக்க எடுத்துவிட்டுச் சிலாபைச் சுத்தம் செய்து, வெடிப்புகளை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, நூறுக்கு ஒன்று சரிவு வைத்துத் தட்டோடு பதியுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் உருட்டுப் பூச்சு வைத்து, நீர்த்தடுப்பைச் சுவரில் ஒரு அடி ஏற்றுங்கள். கசிவு பெரும்பாலும் அந்த மூலையிலும் வடிகுழாய் வாயிலும்தான். முடிந்ததும் குழாய்களை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துக் கீழிருந்து பாருங்கள். பொத்தென்று ஒலித்த அறைகளுக்கு மட்டும் முட்டுக் கொடுத்த பிறகே தண்ணீர் நிறுத்த வேண்டும்.

வகுப்பறையில் பால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். கசிவையும் வெடிப்பையும் அது மறைத்துவிடும். பெற்றோருக்கு அழகாகத் தெரிகிறது என்பதற்காகக் கேட்பவர்களுக்கும் நான் அதைப் போட்டுத் தருவதில்லை.

யாரும் பார்க்காத சுவர்கள்

2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். புதுப்பிப்புப் பட்டியலில் வகுப்பறைகள் இருக்கும், ஆய்வகம் இருக்கும். கழிப்பறை மறைப்புச் சுவர், சைக்கிள் கொட்டகைச் சுவர், சுற்றுச்சுவர் இருக்காது. இவை பெரும்பாலும் பின்னால் அவசரத்துக்கு எழுப்பிய நாலரை அங்குலச் சுவர்கள். பக்கத்தில் ஓரடி தோண்டிப் பாருங்கள். அடித்தளம் இல்லையென்றாலோ, தூணோடு பிணைப்பு இல்லாமல் தனியாக நின்றாலோ, பழுதுபார்க்க நினைக்காமல் இடித்துவிடுங்கள். மறைப்பு வேண்டுமென்றால் இரும்புச் சட்டத்தில் தகடு போதும். சுவர் ஓரமாக மண் குவித்திருந்தால் அன்றே அள்ளச் சொல்லுங்கள். ஈர மண் பக்கவாட்டில் தள்ளும்.

வழிகள், கதவுகள், மின்சாரம்

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையலறைத் தீ கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு கீற்றுக் கூரைகள் போயின. குறுகிய படிகளும் பூட்டிய கிரில்களும் இன்னும் இருக்கின்றன. மாடிக்கு இரண்டு படிக்கட்டு இருந்து, ஒன்றில் பழைய பெஞ்சுகள் அடுக்கியிருந்தால் ஒரே படிக்கட்டுதான் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். வகுப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். பள்ளி நேரத்தில் தாழ்வாரக் கிரில்லில் பூட்டுத் தொங்கக் கூடாது. ஜன்னல் வெளிச்சம் பிள்ளைகளின் இடப்பக்கத்திலிருந்து வரும்படி கரும்பலகையை வையுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச்) போட்டு, எர்த்தை அளந்து எழுதி வாங்குங்கள். தண்ணீர் குடிக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் இது முதல் வேலை.

சுண்ணாம்புக் கட்டடமா?

நூறாண்டு கண்ட பள்ளிகள் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் தளம் கொண்டவை. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட தளம். மேலே சொன்ன கான்கிரீட் முறைகளை இங்கே கொண்டுவராதீர்கள். சிமென்ட் பூச்சு சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், செங்கல் பொரிந்து உதிரும். கட்டையில் பார்க்க வேண்டிய இடம் சுவருக்குள் நுழையும் முனை. கூரிய ஊசியால் குத்துங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் கரையானோ ஈரமோ தின்றுவிட்டது என்று பொருள், அந்த முனைக்குத் தாங்கல் வேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டை அதன் மேல் வைத்திருந்தால் வேறெதற்கும் முன்னால் அவற்றைக் கீழே இறக்குங்கள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். சுண்ணாம்பு இறுகவும் காலம் வேண்டும்.

ஒப்பந்தமும் நாட்காட்டியும்

தளம் செப்பனிடுவதை மொத்தத் தொகைக்குப் பேசாதீர்கள். திறந்து பார்க்கும்வரை அளவு தெரியாது. மொத்தத் தொகை பேசிய கான்ட்ராக்டர் குறைவாகக் கொத்தத்தான் பார்ப்பார். சதுர அடி விலை பேசுங்கள். கொத்தியபின், கம்பி தேய்த்தபின், கலவை பூசியபின் என்று மூன்று கட்டத்திலும் அளவு நாடா தெரியப் படம் எடுத்து, இன்ஜினியர் கையெழுத்திட்ட பிறகு பணம் கொடுங்கள். மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் திறந்து பார்த்தபின் தெரியப்போகும் சேதத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

நாட்களைப் பள்ளி திறக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி வாரம் சுத்தம் செய்யவும், பெயின்ட் வாடை போகவும், மின்சாரச் சோதனைக்கும். அதற்கு முந்தைய வாரம் பெயின்ட். மீதியில் நீராட்டும் நாட்களையும் முட்டு நிற்கும் நாட்களையும் கழித்தால், கொத்திப் பூச உண்மையில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நாள்தான். அதற்குள் எத்தனை அறை முடியுமோ அத்தனையை மட்டும் இந்த ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன அறை மோசமானது என்றால் அது முட்டோடும் பூட்டோடும் அடுத்த கோடைவரை காத்திருக்கட்டும், அந்த வகுப்பை நூலகத்தில் நடத்துங்கள்.