கோபம் முதலில் தாடைக்கு வரும்

தன்னைத்தான் கவனிக்கப் பழக வேண்டும் என்று வரும் பிள்ளைகளில் பலர் எடுத்தவுடன் கேட்பது, "காலையில் எத்தனை மணிக்கு எழுந்து உட்காரணும் ஐயா?" என்பதுதான். உட்காருவது நல்லது, உட்காருங்கள். ஆனால் கண்ணை மூடியிருக்கும் இருபது நிமிடத்தில் நம் குணம் அவ்வளவாக வெளியே வருவதில்லை. அம்மா ஒரே கேள்வியை மூன்றாவது முறை கேட்கும்போது வருகிறது. கூட வேலை பார்ப்பவரைப் பாராட்டி நாலு பேர் பேசும்போது வருகிறது. அந்த இடங்களில் விழிப்பாக இருப்பதற்குத்தான் இந்தப் பழக்கமெல்லாம்.

1. ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள்.

தினமும் எப்படியும் செய்கிற வேலையாக இருக்கட்டும். பாத்திரம் கழுவுவதையே நான் முதலில் சொல்வேன். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த 1970களில், அங்கே சமூக சேவையில் இருந்த இளைஞர்களுக்காகப் புத்த பிக்கு திக் நாட் ஹான் பிரான்ஸில் இருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பின்னாளில் உலகமெங்கும் படிக்கப்பட்ட புத்தகமாக அது வந்தது. அதில் அவர் எடுத்துப் பேசியதும் பாத்திரம் கழுவுவதைத்தான். குண்டு விழுகிற ஊரில் வேலை செய்கிறவர்களிடம் தனியாக நேரம் ஒதுக்கு என்று எப்படிச் சொல்வது? இருக்கிற வேலைக்குள்ளேயே பழகச் சொன்னார். நேரமில்லை என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தட்டைக் கையில் எடுத்தால் தண்ணீரின் குளிர்ச்சி தெரியட்டும். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு வழுக்குவதும், தேய்க்கத் தேய்க்க அது போய்த் தட்டு கரகரப்பதும் தெரியட்டும். இரண்டாவது தட்டுக்குள் மனம் ஆபீசுக்குப் போய்விடும். போய்விட்டது என்று தெரிந்த அந்த நொடியில் கைக்குத் திரும்புங்கள். அவ்வளவுதான் பயிற்சி.

2. மனம் ஓடுகிறதே என்று சோர்ந்து போகாதீர்கள்.

எல்லோருக்கும் ஓடும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர், 2,250 பேரிடம் செல்போன் செயலி வழியாக, "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது?" என்று அவ்வப்போது கேட்டுப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை. ஆகவே நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பலாம். திட்டிக்கொண்டே திரும்ப வேண்டாம்.

3. உடம்பைக் கேளுங்கள்.

இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் போதும் என்பேன். சதிபட்டான சூத்திரம் என்ற பழைய பௌத்த உபதேசம் நான்கு இடங்களில் கவனத்தை வைக்கச் சொல்கிறது. அவற்றில் உடம்பு முதலாவது. நடப்பது, நிற்பது, கையை மடக்குவது, மெல்லுவது, மலஜலம் கழிப்பது வரை அதில் வருகிறது. கீழான வேலை என்று எதையும் அது ஒதுக்கவில்லை.

"எனக்குக் கோபம்" என்று மனம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடுகிறது. சிலருக்குக் கீழ்த்தாடை இறுகும், கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று அழுந்தும். சிலருக்குக் காது மடல் சூடாகும். சிலருக்குத் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும், தோள் ஏறியதே அவர்களுக்குத் தெரியாது. உங்கள் அடையாளம் எது என்று கண்டுபிடியுங்கள். பெரிய சண்டையில் தேடாதீர்கள், அங்கே தேடுவதற்கு நிதானம் இருக்காது. ஆட்டோக்காரர் சில்லறை இல்லை என்கிறாரே, வரிசையில் ஒருவர் நடுவில் நுழைகிறாரே, அங்கே பாருங்கள்.

தாடை இறுகியது தெரிந்ததும், மூச்சை உள்ளே இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்று தணிவது உடம்பின் இயல்பு. மூன்று மூச்சுக்குப் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். விழுங்கச் சொல்லவில்லை. நியாயமான கோபத்தை நிதானமாகச் சொன்னால் எதிராளி காது கொடுப்பார்.

4. போனைத் திறக்கும் முன் ஒரு கேள்வி.

போனை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. திரையில் கட்டைவிரல் படும்முன், "இப்போது எதிலிருந்து எழுந்து வந்தேன்?" என்று மட்டும் கேளுங்கள். முடிக்காத வேலை, சலிப்பு, யாரோ சொன்ன ஒரு சொல். பதில் கிடைத்த பிறகு தாராளமாகத் திறக்கலாம்.

5. இரவில் எழுதுங்கள்.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, தியானத்தோடு அகத்தாய்வு என்று ஒன்றையும் சேர்த்தே கற்பித்தார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அது போகும். கையில் தாளும் பேனாவும் வேண்டும். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் இழை இழையாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னதாகவே எனக்குத் தோன்றும்.

ஐந்து வரி போதும். நடந்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். "நான் மோசமான கோபக்காரன்" என்று எழுதினால் அதோடு விஷயம் மூடிக்கொள்ளும். "மாலை ஏழு மணி. தம்பி வண்டிச் சாவி கேட்டான். கத்தினேன். மதியம் சாப்பிடவில்லை" என்று எழுதினால் நாளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும். ஒரு மாதம் கழித்து மொத்தமாகப் படியுங்கள். பசி, தூக்கக் குறைவு, குறிப்பிட்ட ஒரு ஆள் என்று சில காரணங்களே திரும்பத் திரும்ப வரக் காண்பீர்கள்.

6. இதை வைத்து வீட்டில் இருப்பவர்களைத் திருத்தக் கிளம்பாதீர்கள்.

7. பயமாக இருந்தால் நிறுத்துங்கள்.

கண்ணை மூடியதும் பழைய துக்கமோ நடுக்கமோ மேலே வரும் சிலர் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது வீரமில்லை. தூக்கம் கெட்டால், பதற்றம் நாள்கணக்கில் நீடித்தால், மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம். பத்து நாள் மௌன விபாசனா முகாம்கள் நல்லவைதான், ஆனால் தொடங்கிய வாரத்திலேயே அவற்றுக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

8. கேட்கப் பழகுங்கள்.

இது கடினமானது, அதனால் கடைசியில் வைத்தேன். ஒருவர் பேசி முடிக்கும் முன்பே நம் வாயில் பதில் தயாராகிவிடும். தொண்டையில் ஒரு அசைவு, முன்னே சாயும் உடம்பு, "ஆமா ஆமா" என்ற அவசரம், இவைதான் அடையாளம். வீட்டுப் பெரியவர் பத்தாவது தடவையாக ஒரு பழைய கதையைத் தொடங்குவாரே, அங்கே முயன்று பாருங்கள். கதை உங்களுக்குத் தெரியும் என்பதால் கவனம் முழுவதையும் அவர் முகத்திலும், உங்களுக்குள் எழும் அவசரத்திலும் வைக்கலாம். அடுத்த வாரம் வரும்போது, கதையின் எந்த இடத்தில் உங்கள் பதில் முந்திக்கொண்டது என்று எழுதி எடுத்து வாருங்கள். அங்கிருந்து பேசுவோம்.