பழைய விசிறி வண்டிக்காரருக்கு: தடம் திறக்கும் முன் சில வேலைகள்

ஒன்ராறியோவின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் ஸ்னோமொபைல் தடங்கள் பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோதான் திறக்கின்றன. அதுவரை கிடைக்கும் வாரங்கள் கராஜுக்கு உரியவை. 1980களிலோ 1990களிலோ வந்த விசிறி எஞ்சின் வண்டி உங்களிடம் இருந்தால், அது யமஹா ஃபேசரோ, போலாரிஸ் இண்டி ஸ்போர்ட்டோ, ஸ்கி-டூ டூரிங்கோ, எதுவானாலும் இந்த வார இறுதியில் போர்வையை எடுத்துவிடுங்கள். முதற்பனி விழுந்த பிறகு எடுத்தால் உதிரிப்பாகக் கடையில் நீங்கள் வரிசையின் கடைசி ஆள்.

போர்வையை எடுத்ததும் கயிற்றை இழுத்துப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். இழுக்க வேண்டாம். கோடையில் எலிக்குப் பிடித்த இடம் எஞ்சினை மூடியிருக்கும் தகரக் கவசத்தின் உள்பக்கம். பஞ்சும் காய்ந்த புல்லுமாக அங்கே கூடு கட்டியிருக்கும். இந்த எஞ்சினில் ரேடியேற்றரும் கிடையாது, கூலன்ற் தண்ணீரும் கிடையாது. விசிறி ஊதும் காற்று கவசத்தின் வழியே சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களைத் தடவிச் செல்ல வேண்டும். சூடு வெளியேற அது ஒன்றுதான் வழி. ஒரு பிடி பஞ்சு அடைத்திருந்தால் அந்தப் பக்கத்துச் சிலிண்டர் மட்டும் வெந்து, பிஸ்ரன் பிடித்துக்கொள்ளும். ஆகவே கவசத்தைக் கழற்றிச் செதில்களுக்கு இடையே தூரிகை போட்டுத் துடையுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டியையும் திறந்து பாருங்கள். எலிக்கு அதுவும் வீடுதான்.

பெரும்பாலான மொடல்களில் விசிறியைச் சுற்றுவது ஒரு சிறிய பெல்ற். சிலவற்றில் விசிறி நேரே கிராங்கிலேயே பூட்டப்பட்டிருக்கும், அந்த வண்டிக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. பெல்ற் உள்ளவர்கள் அதை வளைத்து உள்விளிம்பைப் பாருங்கள். மயிர்க்கோடாக ஒரு வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். இறுக்கம் எவ்வளவு என்பதைக் கையேடு சொல்லும். ஓடும்போது இந்தப் பெல்ற் அறுந்தால் எந்தச் சத்தமும் முன்கூட்டிச் சொல்லாது. எஞ்சின் தானாக நிற்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் சேதம் முடிந்திருக்கும். ஆசனத்துக்குக் கீழே இன்னொரு பெல்ற் எப்போதும் இருக்கட்டும், அதை மாற்றத் தேவையான சாவிகளோடு.

அடுத்தது கார்பரேற்றர். பழைய வண்டியின் பாதி நோய்கள் அங்கேதான். போன மார்ச்சில் விட்ட பெற்றோல் இன்னும் கிண்ணத்தில் கிடந்தால் அது பசையாகியிருக்கும். எத்தனோல் கலந்த பெற்றோல் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். தொட்டியை வடித்துவிட்டுப் புதுப் பெற்றோல் ஊற்றுங்கள். மிக்குனி வகைக் கார்பரேற்றரானால் கிண்ணத்தைக் கழற்றி, பைலற் ஜெற், மெயின் ஜெற் இரண்டையும் வெளியே எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாக, ஒளி ஊடுருவத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அதன்பிறகு அந்த ஜெற்றின் மேல் பொறித்த எண் பொய்.

அந்த எண்ணைக் குறித்தும் வையுங்கள். குளிர் கூடக் கூடக் காற்று அடர்த்தியாகிறது. அடர்ந்த காற்றுக்குக் கூடுதல் பெற்றோல் வேண்டும். புது வண்டிகளில் கணினி இதைப் பார்த்துக்கொள்கிறது. உங்கள் வண்டியில் அது உங்கள் வேலை. பூச்சியம் பாகைக்குச் சரியாக இருக்கும் மெயின் ஜெற்றோடு, மைனஸ் 25 பாகைக் காலையில் உறைந்த ஏரியின் மேல் முழு விசையில் ஓடினால் கலவை மெலிந்து பிஸ்ரனின் தலை உருகும். எந்தக் குளிருக்கு எந்த எண் என்ற அட்டவணை கையேட்டில் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு எண் பெரியதைப் போடுங்கள்: கொஞ்சம் புகையும், கொஞ்சம் பெற்றோல் குடிக்கும், ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

கார்பரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள றப்பர் குழாயை விரல்களால் வளைத்துப் பாருங்கள். முப்பது வயது றப்பர் வெடிக்கும். வெடிப்பு வழியே நுழையும் காற்றும் கலவையை மெலியவைக்கும். பெற்றோல் குழாய்களும், பெற்றோல் பம்பை இயக்கும் அழுத்தக் குழாயும் கல்லுப்போல இறுகியிருந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். செலவு சொற்பம். பிறகு இரண்டு சிலிண்டரிலும் கொம்பிரெஷன் அளந்துவிடுங்கள். இரண்டுக்கும் இடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வேறு எந்தப் புதுப்பொருளுக்கும் காசு கொடுக்க முன்னர் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஒயில் விஷயத்தில் பலரும் படகு எஞ்சினுக்கு வாங்கி மிஞ்சியதை ஊற்றிவிடுகிறார்கள். படகு எஞ்சின் ஏரித் தண்ணீரால் குளிர்வது. அதன் ஒயில் அந்த வெப்பநிலைக்கு ஆனது. விசிறி எஞ்சின் அதைவிடச் சூடாக ஓடும். ஸ்னோமொபைலுக்கென்று விற்கும் ரூ-ஸ்ரோக் ஒயிலே பாவியுங்கள், கடுங்குளிரிலும் உறையாமல் அது ஓடும். ஒயில் பம்பின் நெம்பில் ஒரு கோடும் உடலில் ஒரு கோடும் இருக்கும். கையேடு சொல்லும் நிலையில் இரண்டும் நேர்நேர் வர வேண்டும். கேபிளைத் தொட்டிருந்தால் இதை மறுபடி சரிபாருங்கள். பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெற்றோலோடு ஒயிலைக் கலந்து ஓடுவதே பாதுகாப்பு என்று சொல்வோர் உண்டு. பம்ப் பழுதாவது அபூர்வம், கலக்க மறப்பது சாதாரணம் என்பது என் கணக்கு.

கிளச், டிரைவ் பெல்ற், செயின் பெட்டி ஒயில், சக்கரங்களின் பெயாரிங், கிறீஸ் முனைகள்: இவற்றை ஒரு பிற்பகலில் முடிக்கலாம். டிரைவ் பெல்ற்றின் அகலத்தை மட்டும் மறக்காமல் அளவிடுங்கள். தேய்ந்த பெல்ற்றோடு ஓடுபவர்தான் “எஞ்சினில் இழுவை இல்லை” என்று முறையிட்டு எஞ்சினைப் பிரிக்கிறார்.

இனி, மேம்படுத்தல். பழைய விசிறி வண்டியில் காசைக் குதிரைவலுவில் போடாதீர்கள். இவை பொதுவாக 60 குதிரைவலுவைத் தாண்டாத எஞ்சின்கள். புது எக்ஸோஸ்ற் குழாயோ, சிலிண்டர் வாசல்களை அகலமாக்குவதோ வலுவைக் கூட்டும். கூடவே சூட்டையும் கூட்டும். அந்தச் சூட்டை வெளியேற்ற உங்களிடம் இருப்பது அதே பழைய விசிறி. ஸ்கி-டூவில் வந்த ரோட்டக்ஸ் 503 விசிறி எஞ்சினைச் சிறு விமானங்களிலும் பூட்டிப் பறந்தார்கள். அப்படிப்பட்ட எஞ்சின் அதன் அளவுக்குள் நிற்கும் வரை நம்பகமானது. அதை அந்த அளவுக்குள்ளேயே வைத்திருங்கள்.

முதல் காசு பனிச்சறுக்குகளின் அடியில் உள்ள காபைட் கம்பிகளுக்கு. வண்டி திரும்புவதும் திரும்பாததும் அவற்றின் கையில்தான். பழைய எஃகுச் சறுக்குகளுக்குப் பதில் அகலமான பிளாஸ்ரிக் சறுக்கு போட்டால் புதுப்பனியில் மிதக்கும், கைகளுக்கும் ஓய்வு. தடப்பட்டையில் ஆணி பூட்ட நினைப்பவர்கள் சறுக்கிலும் நல்ல காபைட் போட வேண்டும். பின்பிடி மட்டும் கூடினால் வளைவில் வண்டி நேரே போகும், மரம் இருக்கும் பக்கமாக. விசிறி வண்டியின் அடியில் குளிர்விப்பான் குழாய் இல்லை. ஆணி அதைக் கிழித்துவிடும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் மேலே எவ்வளவு இடைவெளி உண்டு என்பதை அளந்த பிறகே பூட்டுங்கள்.

இரண்டாவது காசு அதிர்வு தாங்கிகளுக்கு. முப்பது வருடத்துப் பழைய தாங்கி ஏறக்குறைய வெறும் கம்பிச்சுருள்தான். மூன்றாவது பிரேக்குக்கு: பட்டைகள், கேபிள், ஹைட்ரோலிக் என்றால் புதுத் திரவம். பிறகு வெளிச்சம். இங்கே ஒரு பொறி உண்டு. பழைய வண்டிகளின் விளக்கு பெரும்பாலும் மாற்று மின்னோட்டத்தில் எரிவது. எல்ஈடி பல்பை அப்படியே மாட்டினால் மினுங்கும், அல்லது எரியவே எரியாது. நடுவில் ஒரு ரெக்ரிஃபயர் வேண்டும். எல்ஈடி மிச்சம் பிடிக்கும் மின்சாரத்தைக் கைப்பிடிச் சூடாக்கிக்குக் கொடுங்கள். விரல் விறைத்தவர் பிரேக்கைப் பிடிக்கமாட்டார்.

தடப்பட்டையின் பற்களை உயரமாக்குவது பலருடைய கனவு. தொழிற்சாலையிலிருந்து வந்த முக்கால் அங்குலப் பல்லிலிருந்து ஒரு அங்குலத்துக்கோ ஒன்றேகாலுக்கோ போனால் பனியில் நன்றாகக் கவ்வும். அதற்கு மேல் போனால் இந்த எஞ்சின் பட்டையைச் சுற்றவே மூச்சு வாங்கும். பட்டை வாங்கும்போது பல்லிடைவெளி உங்கள் டிரைவ் சக்கரத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். அக்கால வண்டிகளில் 2.52 அங்குலமே வழக்கம். செயின் பெட்டியின் மேல் பற்சக்கரத்தை ஒன்றிரண்டு பல் சிறியதாக்கினால் உச்ச வேகம் கொஞ்சம் போகும், இழுவை திரும்ப வரும்.

மலிவான ஒன்றை விட்டுவிடக் கூடாது: பனி கீறிகள். சட்டத்தின் பக்கத்தில் பூட்டும் சுருள் கம்பி இது. உறைந்த தரையைக் கீறித் தூள்பனியைத் தடப்பட்டைக்குள் எறியும். பனி மெல்லிதான நாளில் தண்ணீர் எஞ்சின் வண்டிகள் சூடாகி நிற்கும்போது விசிறி வண்டி கவலையில்லாமல் ஓடும். அது உண்மை. ஆனால் பட்டை வழுக்கிச் செல்லும் பிளாஸ்ரிக் தண்டவாளங்களுக்குப் பனிதான் மசகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும், அடியில் பிளாஸ்ரிக் உருகிக்கொண்டிருக்கும். கீறி அதைக் காப்பாற்றும்.

கடதாசி வேலை சுருக்கமானது. வண்டிப் பதிவு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் அல்லது ஸ்னோமொபைல் ஓட்டுநர் உரிமம், ஹெல்மெற். மாகாணத்தின் ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பான ஓஎஃப்எஸ்சியின் தடங்களில் போகப் பேர்மிற் வேண்டும். முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு. 1999 அல்லது அதற்கு முந்திய மொடல்களுக்குக் குறைந்த விலையில் கிளாசிக் பேர்மிற் இருக்கிறது. வாங்கும்போது அதை நீங்களே தெரிவுசெய்ய வேண்டும். தடத்தில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். மது அருந்தி ஓட்டினால் காருக்குரிய சட்டமே இதற்கும்; கார் ஓட்டும் அனுமதியும் போய்விடும்.

ஓட்டத் தொடங்கும் காலையில், எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண முன்னரே விசைநெம்பை அமுக்கி விடுங்கள். தானாகச் சடக்கென்று திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கேபிளிலோ கார்பரேற்றரிலோ ஐஸ் பிடித்திருக்கிறது. உடம்போடு கட்டும் நிறுத்தக் கயிறு வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். கராஜுக்குள் ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள், கார்பன் மொனொக்சைட் கண்ணுக்குத் தெரியாது. வெளியே சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுக் கிளம்புங்கள். புதுப்பனியில் ஹூட்டின் காற்றுத் துளைகள் பனித்தூளால் அடைபடும். நிற்கும்போதெல்லாம் கையால் தட்டிவிடுங்கள். முழு விசையில் நீண்ட ஓட்டம் வேண்டாம். இடையிடையே விசையைக் குறைத்துக் கொடுங்கள். விசிறி எஞ்சினோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கடும் ஏற்றம் ஏறிய கையோடு எஞ்சினை நிறுத்தினால் காற்றும் நின்று, சூடு உள்ளேயே தங்கும். ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். இருவராகப் போனால் இந்தக் கவனம் இரட்டிப்பு.

ஏரிகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பனியில்லாத வெறும் ஐஸிலும் சூடாகாது என்பதாலேயே, பருவத் தொடக்கத்தில் சிம்கோவிலும் நிப்பிசிங்கிலும் மற்றவர்களுக்கு முன்னால் இறங்கும் ஆசை விசிறி வண்டிக்காரருக்கு வருகிறது. கனடா செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்குச் சொல்லும் ஐஸின் தடிப்பு 25 சென்ரிமீற்றர். அதுவும் தெளிந்த நீல ஐஸுக்கு. வெள்ளையாகத் தெரியும் ஐஸின் பலம் அதில் பாதிதான். ஆறு ஏரியில் சேரும் இடம், இரு தீவுகளுக்கு இடையே ஒடுங்கும் நீர், படகுத்துறையைச் சுற்றிக் குமிழி விடும் இயந்திரம் ஓடும் இடம், இங்கெல்லாம் நேற்றைய அளவு இன்றைக்கு உதவாது. கழகத்தார் கம்பு நட்டுக் குறித்த வழியிலேயே போங்கள். கூட்டமைப்பின் இணைய வரைபடத்தில் தடம் சிவப்பாக இருந்தால் மூடியிருக்கிறது, மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு, பச்சை என்றால் திறந்தது. புறப்படும் காலையிலேயே அதைப் பாருங்கள், முதல்நாள் இரவு பார்த்தது போதாது.

கழுத்தில் ஐஸ் ஊசிகள் தொங்கட்டும், மிதக்கும் அங்கி போட முடிந்தால் போடுங்கள். விழுந்துவிட்டால் செய்யவேண்டியதை மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் மூன்று எண்களில் வைத்திருக்கிறார்: 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்கி ஒழுங்குக்குக் கொண்டுவருவதற்கு. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொற்கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். எனவே முதலில் பதறாமல் மூச்சு விடுங்கள். பிறகு வந்த திசைக்கே திரும்புங்கள், உங்களை அதுவரை தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான். ஊசிகளைக் குத்தி, கால்களை நீச்சலில்போல் உதைத்து, வயிற்றால் மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

முதல் ஓட்டம் குறுகியதாகவே இருக்கட்டும், வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வரக்கூடிய தூரம். முடிந்ததும் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். கபில நிறம் என்றால் கலவை சரி, வெளுத்திருந்தால் மெயின் ஜெற் ஒரு எண் பெரியது வேண்டும். தடப்பட்டையின் இறுக்கம் புதுப்பட்டையானால் தளர்ந்திருக்கும், அதைச் சரிசெய்து, சறுக்குகளின் போல்ற்களையும் ஒருமுறை சாவி வைத்து இறுக்கிவிடுங்கள்.