கவட்டைத் தசையைக் காக்கும் பயிற்சி

ஓசூர் சிப்காட் ஆலைகளில் 8 மணி நேரம் நின்று உழைத்துவிட்டு நேரே கபடிக் களத்தில் இறங்கும் இளைஞர்களுக்கு, பக்கவாட்டில் பாயும்போதும் திடீரெனத் திரும்பும்போதும் கவட்டையில், அதாவது தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில், தசை கிழியும் வாய்ப்பு உண்டு. ஒருக்களித்துப் படுத்து, மேற்காலைத் துணைவர் இடுப்புயரத்தில் பிடித்திருக்க, முன்கையை ஊன்றி உடலை உயர்த்திக் கீழ்க்காலை மேற்காலோடு சேர்க்கும் கோபன்ஹேகன் பயிற்சி, தொடையை உள்நோக்கி இழுக்கும் தசைகளை வலுவாக்குகிறது. 2019இல் வெளியான நார்வே ஆய்வில், இவ்வகைப் பயிற்சி பெற்ற கால்பந்து வீரர்களுக்குக் கவட்டைத் தொல்லைக்கான வாய்ப்பு 41 விழுக்காடு குறைந்திருந்தது. போட்டிக் காலத்துக்கு முன் 6 முதல் 8 வாரங்கள் வாரம் மூன்று முறையும், பின்னர் வாரம் ஒரு முறையும் செய்தால் போதும். இருமும்போது கவட்டை வலித்தால் அது குடலிறக்கமாகவும் இருக்கலாம் என்பதால், ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண்பது அவசியம்.