விடுமுறைப் பயணத்திற்கு ஒரு ஒர்க்ஷீட்: "யார்" என்ற காலம் செய்த வேலை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் ஸ்ப்ரெட்ஷீட் என்றாலே அது ஆபீஸ் கணக்குக்கு மட்டும்தான் என ஒதுக்கிவிடுகின்றனர். இந்தப் புரோகிராம் வகையே கணக்குக்காகப் பிறந்ததுதான். 1979-ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளியான விசிகால்க் இதற்கு முன்னோடி. ஆனால் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதக்கூடிய எந்த வீட்டு வேலைக்கும் இது உதவும். இந்த மாதப் பாடத்தில், குடும்பத்துடன் வெளியில் கூடாரம் போட்டுத் தங்கும் ஒரு பயணத்திற்கு நம்மைத் தயார் செய்துகொள்வது எப்படி எனப் பார்க்கலாம்.

இதற்கு மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிற்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். மாறும் இடங்களில் தனியே சொல்கிறேன்.

ஏன் இந்தப் பாடம்?

எங்கள் வீடு போத்தனூரில். போன வருடம் அரையாண்டு விடுமுறைக்கு ஆழியாறு பக்கம் குழந்தைகளின் மாமா தோட்டத்துக்குப் போனோம். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில். அங்கிருந்து மாமாவின் வண்டி. சாளைக்கு வெளியே, களத்தில் தார்ப்பாய் கட்டித் தங்குவதாக ஏற்பாடு. இரவு ஒன்பது மணிக்குத் தேங்காய் மட்டைப் புகையில் சின்னவனுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. பையைத் திறந்தால் இன்ஹேலர் இல்லை. "நீங்க எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேனுங்க" என்றாள் மனைவி. அவள் எடுத்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். மச்சானும் நானும் பைக்கில் போய் மருந்துக் கடையைத் தேடி, வாங்கித் திரும்ப ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆனது. அதுவரை பையன் கயிற்றுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தான்.

எங்களிடம் பட்டியல் இல்லாமல் இல்லை. காகிதத்தில் இருந்த அந்தப் பட்டியலில் இன்ஹேலரும் இருந்தது. பொருளுக்கு எதிரே பெயர் மட்டும் இல்லை.

பட்டியலைத் தயாரித்தல்

1. புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறக்கவும். முதல் வரிசையில் ஏ1 முதல் இ1 வரை பொருள், எண்ணிக்கை, யார், எங்கே இருக்கிறது, நிலை எனத் தலைப்புகளை டைப் செய்திடவும். (செல் பெயர்களை இங்கே தமிழில் தருகிறோம். கம்ப்யூட்டரில் அவை ஆங்கில எழுத்துகளாக இருக்கும்.)

2. தமிழில் டைப் செய்ய, விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்க்வேஜ் பிரிவில் தமிழ் மொழியைச் சேர்த்துக்கொள்ளவும். பின்னர் விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் மாறி மாறிச் செல்லலாம்.

3. ஏ காலத்தில் பொருட்களை ஒன்றின் கீழ் ஒன்றாக இடவும். "மருந்து" என்று பொதுவாக எழுத வேண்டாம். ஒவ்வொன்றையும் தனி வரிசையில் பெயரோடு எழுதவும். "டார்ச்" ஒரு வரிசை, அதற்கான "பேட்டரி" இன்னொரு வரிசை.

4. நிலை என்ற காலத்தில் எல்லாவற்றிற்கும் "பாக்கி" என இடவும். முதல் செல்லில் டைப் செய்து, செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற செல்களும் நிரம்பிவிடும். பொருள் பைக்குள் போனதும் "ஆச்சு" என மாற்ற வேண்டும்.

பெயருக்கு ஒரு கீழ்விரி பட்டியல்

யார் என்ற காலத்தில் பெயர்களைக் கையால் டைப் செய்தால் ஒரு சிக்கல் வரும். ஓர் இடத்தில் "அம்மா" என்றும், இன்னோர் இடத்தில் பின்னால் ஓர் இடைவெளியோடு "அம்மா " என்றும் அடித்தால், பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் கம்ப்யூட்டர் இரண்டையும் வேறு வேறாகவே கொள்ளும். இதைத் தவிர்க்க, அந்தக் காலத்தில் பொருட்களுக்கு நேரான செல்களைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் அலவ் என்பதில் லிஸ்ட் எனத் தேர்ந்தெடுத்து, சோர்ஸ் கட்டத்தில் பெயர்களைக் காற்புள்ளியால் பிரித்து அமைத்திடவும். கால்க் பயன்படுத்துவோர் டேட்டா மெனுவில் வேலிடிட்டி என்பதைத் திறந்து, லிஸ்ட் தேர்ந்தெடுத்து, ஒரு வரிக்கு ஒரு பெயராக இடவும். இனி செல்லில் கிளிக் செய்தால் பெயர்ப் பட்டியல் கீழே விரியும்.

நாங்கள் அப்பா, அம்மா, பெரியவள், சின்னவன் என நான்கு பெயர்கள் வைத்தோம். முதல் முறை, போன வருடம் எந்தப் பொருளை யார் எடுத்து வைத்தார்களோ அவர் பெயரையே நிரப்பினோம்.

எண்ணிப் பார்த்தல்

ஜி2 முதல் ஜி5 வரை நான்கு பெயர்களையும் இடவும். எச்2 செல்லைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பாரின் இடப்பக்கம் உள்ள இன்சர்ட் ஃபங்ஷன் பட்டனில் கிளிக் செய்திடவும். கால்க்கில் இதன் பெயர் ஃபங்ஷன் விசார்ட். தேடும் கட்டத்தில் கவுன்ட்இஃப் என ஆங்கிலத்தில் டைப் செய்து அதனைத் தேர்ந்தெடுக்கவும். இரண்டு கட்டங்கள் கிடைக்கும். முதல் கட்டத்தில் கர்சரை வைத்து, ஒர்க்ஷீட்டின் உச்சியில் உள்ள சி என்ற எழுத்தைக் கிளிக் செய்திடவும். அந்தக் காலம் முழுவதும் கணக்கில் வரும். இரண்டாவது கட்டத்தில் கர்சரை வைத்து ஜி2 செல்லைக் கிளிக் செய்து, ஓகே தரவும். பிறகு எச்2-வின் மூலையைப் பிடித்து எச்5 வரை இழுக்கவும்.

எங்கள் வீட்டில் கிடைத்த விடை இது: அம்மா 27, அப்பா 8, பெரியவள் 3, சின்னவன் 2.

நான் அந்த 27-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற மனைவி சிரித்தாள். "ஏனுங்க, இத்தன வருசமா நாஞ் சொன்னது காதுல விழுகல. கம்ப்யூட்டரு சொன்னாத்தான் நம்புவீங்களாட்ட இருக்குது."

பெரியவள் வேறொன்றைக் கவனித்தாள். "அப்பா, கூட்டினா 40தான் வருது. பொருள் 41 இருக்குதே?"

விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க சார்ட் வசதி உதவும். பட்டியல் முழுவதையும், அதாவது ஏ முதல் இ வரை எல்லாக் காலங்களையும் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் சார்ட் என்பதில் கிளிக் செய்திடவும். தலைப்பு வரிசை உண்டு என்பதற்கான டிக் அடையாளம் இருக்கிறதா எனப் பார்த்து, யார் என்ற காலத்தின்படி வரிசைப்படுத்தவும். ஒரு காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் செய்துவிடாதீர்கள். பெயர்கள் மட்டும் இடம் மாறி, பொருட்கள் அப்படியே நின்றுவிடும். தவறினால் கண்ட்ரோல் + இசட் அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்பவும்.

சார்ட் செய்யும்போது காலியான செல்கள் எப்போதும் கடைசிக்குப் போகும். எங்கள் பட்டியலின் கடைசி வரிசையில் பெயரில்லாமல் நின்ற பொருள்: இன்ஹேலர்.

அன்று மாலை நால்வரும் உட்கார்ந்து பெயர்களை மாற்றினோம். இன்ஹேலர் இரண்டு வரிசையானது. ஒன்று சின்னவன் பெயரில், அவன் பையில். இன்னொன்று என் பெயரில், என் சட்டைப் பையில். இரண்டிலும் மருந்து மீதி இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்ப்பதும் அவரவர் பொறுப்பு.

தார்ப்பாய்க் கூடாரத்தின் கணக்கு

விலைக்குக் கூடாரம் வாங்காமல் வீட்டிலிருந்த 12 அடிக்கு 9 அடி தார்ப்பாயைப் பயன்படுத்தினோம். நடுவில் ஒரு கயிறு கட்டி, அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு, இரு பக்கமும் இழுத்துக் கட்டினால் கூரை போல ஆகும். 12 அடி இரண்டாக மடிவதால் ஒரு பக்கச் சரிவு 6 அடி. கயிற்றை உயர்த்தினால் உள்ளே தரையின் அகலம் குறையும். எவ்வளவு குறையும்? பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்.

புதிய ஒர்க்ஷீட்டில் ஏ2, ஏ3, ஏ4 செல்களில் 3, 4, 5 எனக் கயிற்றின் உயரத்தை இடவும். பி2-வில் =36-ஏ2*ஏ2 எனவும், சி2-வில் =2*எஸ்க்யூஆர்டி(பி2) எனவும் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும். எஸ்க்யூஆர்டி என்பது வர்க்கமூலம் காணும் ஃபங்ஷன். இரண்டையும் கீழே இழுத்தால் தரையின் அகலம் அடியில் கிடைக்கும்: 3 அடி உயரத்திற்கு 10.39, 4 அடிக்கு 8.94, 5 அடிக்கு 6.63. ஓர் ஆளுக்கு 2 அடி என்றால் நான்கு பேருக்கு 8 அடி. எனவே 4 அடி உயரம் எங்களுக்குச் சரி.

கணக்கு சரியாக வந்தாலும் ஓர் இரவு சோதித்துப் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் கட்டிப் படுத்தோம். கயிறு நடுவில் தொய்ந்தது. மூச்சுக் காற்றின் ஈரம் தார்ப்பாயின் உட்பக்கம் படிந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டியது; இரு முனைகளையும் திறந்து வைத்தால் இது குறையும். அந்த ஓர் இரவில் பட்டியலில் நான்கு வரிசைகள் கூடின: கூடுதல் கயிறு, நடுவில் முட்டுக்கொடுக்க மூங்கில், துடைக்கத் துண்டு, தலைமாட்டில் வைக்க இன்னொரு டார்ச். மொத்தம் 46.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

இன்னொரு ஒர்க்ஷீட்டில் புறப்படும் முன் விசாரிக்க வேண்டியவற்றை எழுதி, அவற்றிற்கும் யார் என்ற காலம் வைக்கவும். தென்னை மரத்தடியில் கூடாரம் போடக்கூடாது. மட்டையோ காயோ விழலாம். ஆனைமலை அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டா என்பதைத் தோட்டத்துக்காரரிடம் அன்றன்றே கேட்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் நம் விருப்பப்படி கூடாரம் போட அனுமதி இல்லை. டாப்சிலிப் போன்ற இடங்களில் வனத்துறையின் விடுதியில் முன்பதிவு செய்துதான் தங்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை மறக்க முடியாது. அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்திற்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. தோட்டமானாலும் அடுப்பு மூட்டினால், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும். எங்களைப் போல் மூச்சுத் தொந்தரவு உள்ளவர் இருந்தால், அடுப்பு காற்று வீசும் திசையில், அவரைத் தாண்டி இருக்க வேண்டும்.

அச்சும் போனும்

பிரிண்ட் கொடுக்கும் முன், பிரிண்ட் விண்டோவில் எல்லாக் காலங்களும் ஒரே பக்கத்தில் அடங்கும்படி அமைத்திடவும். அச்செடுத்துப் பீரோ கதவில் ஒட்டுங்கள். பி.டி.எஃப். ஆகவும் சேவ் செய்து போனில் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும். பைலின் பெயரில் வருடத்தையும் சேர்த்தால் அடுத்த முறை புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

இந்த முறை புறப்படும்போது எங்கள் எண்ணிக்கை: அம்மா 14, அப்பா 15, பெரியவள் 10, சின்னவன் 7. ரயில் ஏறியதும் சின்னவன் தன் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து காட்டி, "என்னுது ஆச்சுப்பா, உங்களுது?" என்றான். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பயிற்சி: கவுன்ட்இஃப்எஸ் என்ற ஃபங்ஷனில் இரண்டு நிபந்தனைகள் தரலாம். யார் என்ற காலத்தில் ஒருவர் பெயரும், நிலை என்ற காலத்தில் மேற்கோள் குறிகளுக்குள் "பாக்கி" என்றும் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் இன்னும் எத்தனை பாக்கி எனக் கண்டுபிடியுங்கள். உங்கள் வீட்டில் யாருடைய எண் பெரிதாக வருகிறது என்பதையும் பாருங்கள்.