மரமறுக்கும் யந்திரச் சங்கிலியை அரத்தால் தீட்டும் முறை

தருமபுரி ஜில்லாவில் முதிர்ந்த மா, புளி, தென்னை மரங்களை அறுப்பதற்கு இக்காலத்தில் பெட்ரோல் ரம்ப யந்திரமே பெரும்பாலும் உபயோகமாகிறது. யந்திரம் எவ்வளவு உயர்ந்ததாயினும், சங்கிலி மழுங்கினால் பயனில்லை. மழுங்கிய சங்கிலியை மரத்தில் அழுத்தும்போது என்ஜின் சூடேறும். சங்கிலி ஓடும் தகடு தேயும். யந்திரம் துள்ளிக் கையாளுகிறவருக்கு உயிராபத்தும் நேரலாம். கூரான பல் செதில் செதிலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாகத் தூள் விடும். தூளைக் கண்டவுடன் வேலையை நிறுத்தித் தீட்டவேண்டும்.

இன்று வழங்கும் சங்கிலியின் அமைப்பை 1946-ல் அமெரிக்காவில் ஜோசப் பியூபோர்ட் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டுப் புழு இடமும் வலமும் மாறிமாறிக் கடிப்பதைப் பார்த்துக் கண்டார். ஆகையால்தான் பற்கள் இருபுறமும் மாறிமாறி நிற்கின்றன.

இருவகைத் தீட்டல்

உருண்டை அரத்தால் தீட்டினால் பல்லின் உட்புறம் வளைவாக அமையும். சதுரத் தீட்டலில், மேல்தகடும் பக்கத்தகடும் கூடும் மூலை உளியைப்போல் நேர்விளிம்பாக அமைகிறது. சுத்தமான மரத்தில் இது விரைவாக அறுக்கும். ஆனால் மண், மணல், ஆணி பட்டால் அம்மூலை சீக்கிரம் கெடும். செம்மண் படிந்த அடிமரத்திற்கும், ஆணி அறைந்த சாலையோரப் புளிக்கும் உருண்டைத் தீட்டலே ஏற்றது.

செய்முறை

1. என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக் கம்பியைக் கழற்றவேண்டும். கையுறை அணிந்து, தகட்டை வைஸில் இறுக்கிப் பற்களிலுள்ள பிசினைத் துடைக்கவேண்டும்.

2. மிகக் குட்டையான பல்லைத் தேடிச் சுண்ணாம்பால் குறியிட்டு, அதன் அளவுக்கே மற்றவற்றைக் கொண்டுவரவேண்டும்.

3. இதற்கென்று செய்த கூர்விளிம்பு அரத்தின் விளிம்பு, பல்லின் மூலையோடு சரியாகப் பொருந்தவேண்டும். விளிம்பு ஏறினாலும் இறங்கினாலும் மூலை கெடும். அதுவே இம்முறையின் உயிர்நிலை.

4. உருண்டை அரத்தை உள்ளிருந்து வெளியே தள்ளுவர்; இதையோ வெளியிலிருந்து உள்ளே தள்ளவேண்டும். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடவேண்டும். பழைய சாய்வு மாறலாகாது.

5. ஒரு பக்கத்துப் பற்களையெல்லாம் முடித்தபின் மறுபக்கம் செய்யவேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் தள்ளுகளின் எண்ணிக்கை ஒத்திருக்கவேண்டும். இல்லையேல் அறுப்பு ஒரு பக்கம் வளையும். விளிம்பில் வெளிச்சம் பட்டு வெள்ளிக்கோடு தெரிந்தால் இன்னும் மழுங்கல் போகவில்லை என்று அறியலாம்.

6. பல்லுக்கு முன்னுள்ள சிறு மேட்டைத் தட்டை அரத்தால் அளவுப்பட்டை வைத்துத் தேய்க்கவேண்டும். பல்லைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது பெரும்பான்மையான சங்கிலிகளுக்குப் போதும். அதிகம் தாழ்ந்தால் யந்திரம் துள்ளும். தாழாவிடில் பல் மரத்தைக் கவ்வாது.

புறம்போக்கு மரங்களை அறுக்க நேர்ந்தால் முன் அனுமதி பெற்றபின்னரே கூலியாளை அமர்த்தவேண்டும். அறுப்பு ஆரம்பிக்குமுன் கிராம அதிகாரிகளும் மரத்தின் சொந்தக்காரரும் மரத்தில் ஆணி, கம்பி உள்ளனவா என்றும், சங்கிலி கூராக உள்ளதா என்றும் பார்ப்பது நலம். சில நிமிஷ அரவேலை, ஒரு நாள் கூலியையும் ஒருவர் கையையும் காக்கும்.