மிதித்தால் தரைவரை இறங்கும் பிரேக்

"பிரேக் பிடிக்காததால் கார் பள்ளத்தில் உருண்டது" என்று செய்தித்தாளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். பிடிக்காமல் போனது எது? நான்கு சக்கரங்களிலும் உள்ள பிரேக்குகள் ஒரே நொடியில் தேய்ந்துவிடுமா? தேயாது. ஓட்டுநரின் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள ஏதோ ஒன்றுதான் கைவிட்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதற்குப் பள்ளிப் பாடத்தில் படித்த இரண்டு விதிகள் போதும்: பாஸ்கல் விதி, பாயில் விதி.

பழைய அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். 2014-இல் இதன் உற்பத்தி நின்றுவிட்டாலும், ஆசையோடு வைத்து ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரேக் மிதிகட்டையை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்ந்து, அங்குள்ள பிரேக் எண்ணெயை மெல்லிய குழாய்கள் வழியாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து, பிறைவடிவ பிரேக் ஷூக்களைச் சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. உராய்வு வண்டியை நிறுத்துகிறது. நான்கு சக்கரங்களிலும் இத்தகைய நீரியல் பிரேக் வைத்த முதல் கார் 1921-இல் அமெரிக்காவில் வெளிவந்த டூசன்பர்க்.

ஒரு கணக்குப் போடுவோம். கால் 20 கிலோகிராம் எடை விசையைத் தருகிறது. மிதிகட்டை நெம்புகோலாகி அதை 5 மடங்கு ஆக்கினால் பிஸ்டனின் மேல் 100 கிலோ. பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 25 கிலோ. பாஸ்கல் சொன்னபடி இதே அழுத்தம் எல்லாச் சக்கரங்களுக்கும் குறையாமல் போகும். 5 சதுர செ.மீ. பரப்புள்ள வீல் சிலிண்டர் பிஸ்டன் ஒவ்வொன்றும் 125 கிலோ விசையோடு ஷூவைத் தள்ளும்.

இத்தனையும் நடப்பது எண்ணெய் அமுங்காது என்ற ஒரே நம்பிக்கையில்தான். குழாய்க்குள் 10 கன செ.மீ. காற்று புகுந்துவிட்டது என்று வையுங்கள். காற்று அமுங்கும். மேலே கண்ட அழுத்தத்தில் அது ஏறக்குறைய 0.4 கன செ.மீ. ஆகச் சுருங்கும். அதாவது காலால் தள்ளிய எண்ணெயில் 9.6 கன செ.மீ. காற்றை நசுக்குவதற்கே செலவாகிறது. அதற்கு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 2.4 செ.மீ. நகர வேண்டும், மிதிகட்டை 12 செ.மீ. இறங்க வேண்டும். அதற்குள் அது தரையைத் தொட்டுவிடும்!

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு ரப்பர் குழாயால் இணைத்து, குமிழியே இல்லாமல் நீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே எழும். பிறகு கொஞ்சம் காற்றை விட்டு, இரண்டாவதை விரலால் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். விரலில் படும் அந்த 'ஸ்பிரிங்' உணர்வைத்தான் மெக்கானிக் தன் காலால் உணர்ந்து, "ஏர் ஏறிவிட்டது" என்கிறார்.

கெட்டிக்கார மெக்கானிக் வண்டிக்கு அடியில் நுழைவதற்கு முன் மிதிகட்டையைத்தான் மிதித்துப் பார்ப்பார். இரண்டு மூன்று முறை மிதித்ததும் உயர்ந்து கெட்டியாக நின்றால், பெரும்பாலும் லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். உயர்ந்தும் பஞ்சுபோல் இருந்தால் காற்று. மிதிகட்டை கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால், லைனிங்கில் எண்ணெய் அல்லது கிரீஸ் பட்டிருக்கலாம். அல்லது அளவுமீறிச் சூடேறி உராய்வு குறைந்திருக்கலாம்.

எத்தனை முறை மிதித்தாலும் தரைவரை போகிறதா? எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். காலியென்றால் எங்கோ கசிவு இருக்கிறது. சக்கரத்தின் உட்பக்கத்தில் ஈரம் தெரிந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் போயிருக்கும். இல்லையென்றால் ரப்பர் ஹோஸையும் துருப்பிடித்த குழாயையும் தேட வேண்டும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் நான்கும் போச்சு! பிற்காலக் கார்களில் சுற்றை இரண்டாகப் பிரித்தது இதற்காகத்தான்.

தொட்டி நிறைந்திருந்தும் மிதிகட்டை மெல்ல மெல்ல இறங்குவதும் உண்டு. எண்ணெய் வெளியே எங்கும் போகவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் தேய்ந்துபோன ரப்பர் கிண்ணத்தைத் தாண்டிப் பின்பக்கமே திரும்பிவிடுகிறது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது மலைச்சரிவில் வரும் கோளாறு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம். ஆட்களுடன் 1,500 கிலோகிராம் உள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 2.8 கோடி ஜூல் ஆற்றலை இழக்கிறது. 95 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க இது போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டு இறங்குபவர், அதில் பெரும்பகுதியை டிரம்களின் தலையில் கட்டுகிறார்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. 'டாட் 3' வகைப் புது எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். ஆண்டுக்கணக்கில் மாற்றாத எண்ணெய் வீல் சிலிண்டருக்குள் கொதித்து ஆவிக்குமிழிகள் எழுந்தால், காற்றுக்குமிழி செய்யும் அதே வேலையை அவை செய்யும். அரைமணி நேரம் கழித்து ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். பிரேக் நன்றாகப் பிடிக்கும்! வண்டியைச் சோதிப்பவருக்கு ஒன்றும் தென்படாது. "ஓட்டுநர் தூங்கியிருப்பார்" என்று பழி போடுவதற்கு முன், எண்ணெயை எப்போது மாற்றினார்கள் என்று கேட்பது நல்லது.

ஓடும்போதே பிரேக் போனால்? மிதிகட்டையை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். எஞ்சியுள்ள எண்ணெய் கொஞ்சம் அழுத்தம் தரலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். கைபிரேக் கம்பிவடத்தால் இயங்குவது; எண்ணெய் போனாலும் அது போகாது. வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

பழுதுபார்ப்பது பயிற்சி பெற்றவர் வேலை. ஆனால் அவர் செய்வதைக் கவனிக்கலாம். கசிந்த பாகத்தை மாற்றியபின் காற்றை வெளியேற்றுவார். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவார். அங்குள்ள நிப்பிளில் குழாயைச் செருகி, மறுமுனையை எண்ணெயுள்ள கண்ணாடிக் குப்பியில் அமிழ்த்துவார். ஒருவர் மிதிக்க, இவர் நிப்பிளைத் திறப்பார்; கால் எடுக்கப்படுமுன் மூடுவார். முந்தி எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே ஏறும். இடையிடையே தொட்டியை நிரப்புவார். அதற்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் ஊதிக் கெட்டுவிடும். குப்பியில் சேர்ந்த எண்ணெயையும் மறுபடி ஊற்றக்கூடாது.

குமிழிகள் நின்றபின் நான்கு சக்கரங்களையும் முடித்து, மிதிகட்டையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருப்பார். அது ஓர் இம்மியும் இறங்காவிட்டால்தான் வண்டி சமதளத்தில், நடக்கும் வேகத்தில், முதல் சோதனைக்குப் புறப்படும்.