ஃப்ரேமிலிருந்து வரும் செய்தியை நம்பலாமா?

கேள்வி: புந்தோங்கில் எங்கள் குடும்பம் கச்சாங் பூத்தே வியாபாரம் செய்கிறது. முறுக்கு, ஓமப்பொடி, கடலையை வெளியூருக்கும் அனுப்ப ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில் ஓர் ஆர்டர் பக்கம் செய்தேன். ஆர்டர் பதிவானதும் சர்வரிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டி, பெயரோடு ஆர்டர் எண்ணைக் காட்டப் பார்க்கிறேன். சில நேரம் ஒன்றுமே வருவதில்லை. பணம் கட்டும் பகுதி வேறொரு நிறுவனத்தின் பக்கம், ஐஃப்ரேமுக்குள் இருக்கிறது. பணம் கட்டியாயிற்று என்று என் பக்கத்துக்கு எப்படித் தெரியும்?
— வாசகர், புந்தோங், ஈப்போ

பதில்: உங்கள் சர்வர் எந்த ஸ்கிரிப்ட்டையும் ஓட்டுவதில்லை. அனுப்பும் பக்கத்துக்குள் அதை எழுதி வைக்கிறது. வாடிக்கையாளரின் பிரவுசர்தான் ஓட்டுகிறது. இது பிடிபட்டால் கோளாறு எங்கே என்பதும் பிடிபடும்.

பொத்தான், பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அப்டேட்பேனலுக்குள் இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் பக்கம் முழுதாகத் திரும்பி வராது, ஒரு துண்டுதான் வரும். கிளையன்ட்ஸ்கிரிப்ட் வழியாகப் பதிந்த ஸ்கிரிப்ட் அந்தத் துண்டில் சேராது. ஸ்கிரிப்ட்மேனேஜரின் ரிஜிஸ்டர்ஸ்டார்ட்அப்ஸ்கிரிப்ட்டைக் கூப்பிடுங்கள். கடைசி அளவுருவை ட்ரூ என்று வையுங்கள். ஒரே வகை, ஒரே கீயில் இரண்டு ஸ்கிரிப்ட்டைப் பதிந்தால் முதலாவதுதான் நிற்கும்.

பெயரையும் கவனியுங்கள். டி'குரூஸ் என்று ஒருவர் ஆர்டர் செய்தால், நடுவிலுள்ள அந்த ஒற்றை மேற்கோள் உங்கள் வரியை அங்கேயே முறித்துவிடும். "சில நேரம்" என்கிறீர்களே, காரணம் இதுவாகவும் இருக்கலாம். வேண்டுமென்றே கெட்ட ஸ்கிரிப்ட்டைப் பெயராக எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு. டாட்நெட் 4 முதல் ஹெச்டிடிபியூட்டிலிட்டியில் ஜாவாஸ்கிரிப்ட்ஸ்ட்ரிங்என்கோடு இருக்கிறது. வாடிக்கையாளர் தட்டச்சு செய்த எதையும் அதில் போட்டு எடுக்காமல் ஸ்கிரிப்ட்டில் சேர்க்கக் கூடாது.

இனி ஐஃப்ரேம். நெட்ஸ்கேப் 2 காலத்திலிருந்தே, வேறு தளத்தின் பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் எட்டிப் பார்க்க பிரவுசர்கள் விடுவதில்லை. உங்கள் பக்கத்தால் அந்த ஃப்ரேமுக்குள் எதையும் படிக்க முடியாது. உள்ளே இருக்கும் பக்கம் போஸ்ட்மெசேஜ் என்ற பிரவுசர் வசதி மூலம் சொன்னால்தான் உண்டு. ஆகவே அந்த வசதி உண்டா என்று பணம் வாங்கும் நிறுவனத்தைக் கேளுங்கள்.

செய்தி வந்ததும் முதல் வேலை, அதன் ஆரிஜினைச் சரிபார்ப்பது. ஹெச்டிடிபிஎஸ், டொமைன், போர்ட் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ இருந்தால் அது வேறு ஆரிஜின். கடைசியில் சாய்கோடும் வராது. அந்த டொமைன் பெயர் "எங்காவது இருக்கிறதா" என்று தேடிப் பார்த்துவிட்டு நம்பாதீர்கள். அதே பெயரை உள்ளே வைத்து இன்னொரு டொமைனை யாரும் பதியலாம். முழுதாக ஒப்பிடுங்கள். நீங்கள் ஃப்ரேமுக்குச் செய்தி அனுப்பும்போதும் இலக்கு ஆரிஜினை எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டால், அந்த ஃப்ரேமில் அப்போது எந்தத் தளம் இருந்தாலும் அதன் கையில் போய்ச் சேரும்.

பல வங்கிகளின் பக்கங்கள் ஃப்ரேமுக்குள் திறக்கவே மறுக்கும். அது பழுதில்லை, பாதுகாப்பு. வாடிக்கையாளரை அந்தப் பக்கத்துக்கே முழுதாக அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவும் திரையில் "நன்றி" காட்டத்தான். பிரவுசரில் ஓடும் எதையும் வாடிக்கையாளர் மாற்றிவிட முடியும். பணம் வாங்கும் நிறுவனத்தின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் உறுதியைச் சரிபார்த்து, ஆர்டர் எண்ணும் தொகையும் பொருந்திய பிறகே பொட்டலம் கட்டுங்கள்.